303 ரைஃபிளின் பழைய மரக்கட்டை: உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

புதுக்கை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாள் ஆசைப்பட்டு, உரிமம் எல்லாம் சரிசெய்துகொண்டு, ஒரு பழைய லீ-என்ஃபீல்டு வாங்கியிருக்கிறேன். நம்பர் 1 மார்க் 3 ஸ்டார், 303 தோட்டா. இரும்புப் பாகங்கள் பரவாயில்லை. மரத்தைத்தான் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. பின்கட்டை கிட்டத்தட்டக் கறுப்பு. எடுத்துப் பிடித்தால் உள்ளங்கை ஒட்டுகிறது. வெயிலில் கால் மணி நேரம் வைத்தால் கைப்பிடிக் கழுத்தில் எண்ணெய் முத்து முத்தாக வேர்த்து நிற்கிறது, கூடவே சிக்கு வாடை. முன்கட்டையின் பின்முனையில், ரிசீவரை (குழல் பொருந்தியிருக்கும் நடு இரும்புப் பாகம்) ஒட்டி, முடி இழை மாதிரி ஒரு விரிசல். அங்கங்கே நசுங்கலும் கீறலும். பின்கட்டையின் வலப்பக்கம் வட்டமாக ஏதோ முத்திரை இருந்த தடம் தெரிகிறது, எழுத்து புரியவில்லை.

80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து வெள்ளை மரம் வரும்வரை தேய்த்துவிட்டு, வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். உப்புத்தாள் வாங்கியும் வைத்துவிட்டேன். தொடங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று இங்கே வந்தேன்.

வைரமரம் எழுதியது:

கேட்டது நல்லதாகப் போயிற்று தம்பி. அந்த உப்புத்தாளை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நீங்கள் பார்க்கும் கறுப்பு மரத்தின் நிறம் அல்ல. இந்த வகைக் கட்டைகளில் பெரும்பாலானவை வால்நட் (அக்ரூட் மரம்). பிரிட்டிஷ் ராணுவத்தில் அவற்றுக்கு ஆளிவிதை எண்ணெய்தான் பூசினார்கள், வார்னிஷ் கிடையாது. அந்த எண்ணெய் காய்ந்து, அதன்மேல் கை அழுக்கு, வியர்வை, துப்பாக்கி எண்ணெய், தூசு, திரும்பவும் எண்ணெய் என்று அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. நீங்கள் எடுக்க வேண்டியது அந்தப் பிசுக்கை மட்டும்தான். அதற்குக் கீழே பழைய எண்ணெய் மரத்தோடு கலந்து, பழுப்பும் சிவப்புமாக ஒரு நிறம் நிற்கும். அது வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். தேய்த்து எடுத்துவிட்டால் எந்தக் கடைச் சாயமும் அதைத் திருப்பித் தராது.

இன்னொன்று. உங்கள் கட்டையில் மரம் இரும்போடு சேரும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். பித்தளைப் பின்தகட்டின் ஓரம், ரிசீவரின் ஓரம் இங்கெல்லாம் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருக்கும், இல்லையென்றால் சமமாக இருக்கும். உப்புத்தாள் போட்டால் முதலில் போவது அந்த மயிரிழைதான். அடுத்து முத்திரை போகும். முத்திரையின் ஆழமே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

தச்சுப்பட்டறை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். முப்பது வருஷமாக மரச்சாமான் வேலை. பழைய கதவு, நாற்காலி, மேசை என்று எது வந்தாலும் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, 120, 180, 240 என்று படிப்படியாகத் தேய்த்துப் புதுப் பூச்சு கொடுப்போம். மரத்தில் அழுக்கு ஊறிவிட்டால் மேல்தோலை எடுக்காமல் அது போகாது. வால்நட் மாதிரி அழகான ரேகை உள்ள மரத்தைக் கறுப்பாக வைத்திருப்பது மரத்துக்குச் செய்யும் பாவம். கை நிதானமாக இருந்தால் முத்திரைப் பக்கம் போகாமல் தேய்க்கலாமே?

இரண்டாம் உளி எழுதியது:

ஐயா, நானும் அப்படித்தான் நினைத்தேன். முத்திரையைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு மற்ற இடமெல்லாம் தேய்த்தேன். முடிந்து பார்த்தால், முத்திரை இருந்த இடம் மட்டும் கறுப்புத் தீவு மாதிரி மேடாக நின்றது, சுற்றிலும் வெளிறிய மரம். அதைச் சமப்படுத்த ஓரத்தைத் தேய்த்தேன், பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் முத்திரையும் போயிற்று.

அதைவிட எனக்குத் தினமும் உறுத்துவது பின்தகடு. இன்றைக்கும் தோளில் வைக்கும்போது பித்தளை விளிம்பு நகத்தில் மாட்டுகிறது. தகடு அப்படியே இருக்கிறது, மரம்தான் சுற்றிலும் உள்வாங்கிவிட்டது. மேலே பாலியூரித்தேன் வேறு அடித்தேன். பளபளவென்று பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாள் வேலையில் நான் எடுத்ததை இனி யாராலும் ஒட்டவைக்க முடியாது. புதுக்கை நண்பரே, தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

புதுக்கை எழுதியது:

படித்ததும் வயிற்றைக் கலக்கியது. உப்புத்தாளை எடுத்து வைத்துவிட்டேன். சரி, மரத்தை இரும்பிலிருந்து கழற்றித்தானே சுத்தம் செய்ய வேண்டும்? முதலில் பின்கட்டையைக் கழற்றலாம் என்று பார்த்தேன். பின்தகட்டின் சின்னக் கதவைத் திறந்தால் உள்ளே நீளமான துளை இருக்கிறது. அதன் அடியில் திருகு இருக்குமா? நீளத் திருப்புளி ஒன்று வைத்திருக்கிறேன்.

வைரமரம் எழுதியது:

நிறுத்துங்கள்! திருப்புளியை உள்ளே விடாதீர்கள்.

இந்த ரைஃபிளில் கட்டை இரண்டு துண்டு. முன்கட்டை தனி, பின்கட்டை தனி, நடுவில் ரிசீவரின் இரும்புக் கூடு. பின்கட்டையை ஒரே ஒரு நீள போல்ட் பிடித்திருக்கிறது. அதன் முன்முனை சதுரமாக இருக்கும். அந்தச் சதுரம் கூட்டைத் தாண்டி வந்து, முன்கட்டையின் பின்முனையில் உள்ள ஒரு சின்ன இரும்புத் தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், போல்ட் தானாகத் தளராமல் இருக்க. முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருகினால் அந்தச் சதுரம் தகட்டைத் திருப்பும், தகடு முன்கட்டையைப் பிளக்கும். உங்கள் விரிசல் இருப்பதும் அதே இடம்தான். முன்பு வைத்திருந்த யாரோ இதைச் செய்து பார்த்திருக்கலாம்.

ஆகவே முன்கட்டைதான் முதலில் வர வேண்டும். எதற்கும் முன், மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, இயங்கு போல்ட்டை (தோட்டா அறையை மூடித் திறக்கும் பாகம்) வெளியே எடுத்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். பிறகு நோஸ்கேப் (முன்முனை இரும்பு மூடி), வளையங்கள், மேல்மரங்கள் (குழலை மேலிருந்து மூடுபவை), ட்ரிகர் கார்டு (விசைக் காப்பு வளையம்), கடைசியில் முன்கட்டை. பின்சைட் (குறிபார்க்கும் பாகம்) அருகில் இருக்கும் மேல்மரம் ரொம்ப மெல்லியது. அதன் காது போன்ற ஓரங்களை நெம்பினால் பட்டென்று உடையும். சைட் இலையைத் தூக்கி நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக மேலே தூக்குங்கள்.

குழலின் நடுப்பகுதியைச் சுற்றி உள்வளையம் ஒன்று இருக்கிறது. அதன் திருகோடு சின்ன ஸ்பிரிங்கும் வாஷரும் சேர்ந்து வரும். நோஸ்கேப் பக்கமும் குழலுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னக் குமிழ். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நான் ஒருமுறை அந்தக் குமிழைத் தேடி ஒரு மாலை முழுக்கத் தரையில் தவழ்ந்திருக்கிறேன்.

முன்கட்டையை எடுக்கும்போது குழல் முனையைப் பிடித்து நெம்பாதீர்கள். நேராகக் கீழ்நோக்கி, முன்னும் பின்னும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு திருகு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

அது வெளியே வந்த பிறகுதான் பின்கட்டை. துளைக்குள் தோல் அடைப்பு ஒன்று இருக்கும். அதைக் கம்பியால் கொக்கி போட்டு எடுத்துவிட்டு, டார்ச் அடித்து, திருகின் வெட்டு தெரிகிறதா என்று பார்த்த பிறகே திருப்புளியை இறக்குங்கள். வெட்டில் உட்காராமல் சறுக்கினால் திருப்புளி ஆப்பு மாதிரி வேலை செய்து பின்கட்டையைப் பிளந்துவிடும்.

எண்ணெய்த்துணி எழுதியது:

வைரமரம் அண்ணா சொன்னதைவிடத் தெளிவாகக் கழற்றும் வேலையைச் சொல்ல முடியாது. நான் சுத்தம் செய்வதைப் பற்றிச் சொல்கிறேன்.

மரத்தின் மேல் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். பின்தகட்டைக் கழற்றினால் அதற்கடியில் வெளியே தெரியாத மரம் இருக்கும். பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு அங்கே வையுங்கள். பிசுபிசுத்துக் கரைந்து பஞ்சில் வந்தால் அது அரக்கு. ரஷ்ய மொசின்-நாகண்ட் ரைஃபிள்களில், அதுவும் போருக்குப் பிறகு சோவியத் பட்டறைகளில் புதுப்பித்தவற்றில், இப்படித் தடித்த அரக்குப் பூச்சு பார்க்கலாம். அங்கே மரம் பெரும்பாலும் பிர்ச். அரக்கே அந்த ரைஃபிளின் அசல் தோற்றம் என்பதால் அதைக் கரைத்து எடுப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பிரிட்டில் கரையாமல் அசிட்டோனில் மட்டும் இளகினால் யாரோ பிற்காலத்தில் அடித்த லாக்கர். இரண்டிலும் பெரிதாக ஒன்றும் ஆகாமல் அழுக்கு மட்டும் வந்தால் காய்ந்த எண்ணெய்ப் பூச்சு. உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும்.

எண்ணெய்ப் பூச்சென்றால் வேலை எளிது. டர்பன்டைனும் பச்சை, அதாவது எதுவும் சேர்க்காத, ஆளிவிதை எண்ணெயும் சம அளவு கலந்து, பழைய பருத்தித் துணியில் தொட்டு, ரேகையோடு போகும் திசையில் தேயுங்கள். கை அளவு இடம் மட்டும். துணி கறுத்ததும் வேறு பக்கம் திருப்புங்கள். எங்கே பிசுக்கு கெட்டியாக இருக்கிறதோ அங்கே சணல் சாக்குத் துணியால் கொஞ்சம் அழுத்தலாம். இரும்பு நார் வேண்டாம். அதன் பொடி மரத் துளைகளில் தங்கி, வால்நட்டில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து நீலக் கறுப்புப் புள்ளியாக மாறும். திருகுகளைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் கறுப்பு வளையமும் அப்படி வந்ததுதான். அதை ஆக்ஸாலிக் அமிலத்தால் வெளுக்க முடியும், ஆனால் நான் தொடமாட்டேன். அது அந்த மரத்தின் வயது.

தண்ணீரில் ஊறவைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். முன்கட்டை குழலோடு உட்காரும் விதம் மிகத் துல்லியமானது. ஊறிக் காய்ந்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டால் குழலை ஒரு பக்கமாகத் தள்ளும்.

வேகக்கை எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? அடுப்பு சுத்தம் செய்யும் நுரை ஸ்பிரே இருக்கிறதே, அதை அடித்துப் பத்து நிமிஷம் விட்டுக் கழுவினேன். கறுப்புத் தண்ணீராக ஓடியது. ஒரே நாளில் கட்டை சுத்தம். ஊறிய எண்ணெயும் சேர்ந்து வந்துவிட்டது.

மரச்சாறு எழுதியது:

நண்பரே, எவ்வளவு நாள் ஆகிறது? இப்போது அந்தக் கட்டை எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பார்த்துச் சொல்லுங்கள். நான் ஏன் கேட்கிறேன் என்றால், அந்த ஸ்பிரேக்களில் பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, காஸ்டிக் சோடா. அது எண்ணெயைச் சோப்பாக்கி வெளியே கொண்டுவருவது உண்மை. ஆனால் மரத்தின் நாரைப் பிடித்து வைத்திருக்கும் பொருளையும் அது தாக்கும். மேற்பரப்பு தளர்ந்து பஞ்சு மாதிரி ஆகும், நிறம் கறுக்கும். துளைகளுக்குள் தங்கிய காரம் தண்ணீரில் முழுக்கப் போகாது. மாதக்கணக்கில் ஈரம் இழுத்து, மரம் இரும்பைத் தொடும் இடத்தில் வேலையைக் காட்டும்.

ஜெர்மன் கார் 98 கே ரைஃபிள் மாதிரி அடுக்கு ஒட்டிய பீச் மரக் கட்டைகளில் இதையும் சுடுநீரையும் சேர்த்துச் செய்தால் அடுக்குகளே பிரிய வாய்ப்பிருக்கிறது.

வேகக்கை எழுதியது:

நீங்கள் கேட்டதால் கழற்றிப் பார்த்தேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. குழல் படுக்கும் பள்ளத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. அது தொடும் கோட்டிலேயே குழலின் அடியில் துரு. மேல்பக்கம் நகத்தால் கீறினால் மரம் மாவாக வருகிறது. முன்பு இதைக் கவனிக்கவே இல்லை. காரத்தை இனி எப்படி எடுப்பது?

மரச்சாறு எழுதியது:

வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் தொட்டு, பிழிந்து, அந்தப் பள்ளத்தைத் துடையுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர் தொட்ட துணி. நிழலில் சில வாரம் காயட்டும். வெள்ளை திரும்பப் பூத்தால் திரும்பவும் அதே வேலை. பூப்பது நின்ற பிறகே எண்ணெய் வையுங்கள். குழலின் அடியில் மெழுகு தடவி மூட்டுங்கள். மாவான இடம் பழையபடி உறுதியாகாது, ஆனால் மேலும் கெடாமல் நிறுத்திவிடலாம். கழற்றிப் பார்த்ததே பெரிய விஷயம்.

புதுக்கை எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். அண்ணா சொன்ன வரிசையிலேயே கழற்றினேன். தோல் அடைப்பு கல் மாதிரி இறுகியிருந்தது, எடுக்கவே அரை மணி நேரம். பின்கட்டை போல்ட் ஒரு அழுத்தலில் இளகிவிட்டது.

துடைக்கத் துடைக்க எனக்கு நம்பவே முடியவில்லை. முதல் நாள் ஒன்பது துணி கறுப்பானது. மூன்றாம் நாள் கழுத்துப் பகுதியில் சிவந்த பழுப்பு ரேகை ஓடுவது தெரிந்தது. முன்கட்டையின் முனையில், நோஸ்கேப்புக்கு அடியில் ஒரு பிசுக்குக் கட்டி இருந்தது. அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாக எடுத்தால் உள்ளே எண்கள். ரிசீவரில் இருக்கும் அதே தொடர் எண்! அப்படியென்றால் இந்த மரமும் இந்த இரும்பும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. 80 நம்பர் தாள் போட்டிருந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் போயிருக்கும்.

பின்கட்டையின் வட்ட முத்திரையில் மேல் வரி ENFIELD என்று படிக்க முடிகிறது. கீழே உள்ளது இன்னும் மங்கல். வட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய நசுங்கல், கட்டைவிரல் அளவு. இஸ்திரிப் பெட்டி வைத்து நசுங்கலை எழுப்பலாம் என்று எங்கோ படித்தேன். செய்யலாமா?

வைரமரம் எழுதியது:

எண் ஒத்துப்போனதைப் படித்ததும் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. அந்த இடத்தில்தான் தொடர் எண்ணைக் குத்துவார்கள். பலர் பார்க்காமலே விட்டுவிடுவார்கள்.

நசுங்கலை எழுப்பும் வழி உண்மைதான். நசுங்கிய இடத்தில் நார் அறுந்திருக்காது, அமுங்கி மட்டும் இருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது உப்பிப் பழைய இடத்துக்கு வர முயலும். சின்னத் துணியை நனைத்துப் பிழிந்து, நான்காக மடித்து, நசுங்கல் மேல் மட்டும் வையுங்கள். இஸ்திரிப் பெட்டியின் கூர்முனையை அதன் மேல் நான்கைந்து விநாடி அழுத்துங்கள். சீறும், ஆவி வரும். எடுத்துவிடுங்கள். துணி காயும்வரை வைத்தால் மரம் கருகும். இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். கீறல், வெட்டு இவற்றுக்கு இது உதவாது. அங்கே நாரே இல்லை, எழும்ப என்ன இருக்கிறது?

ஆனால் உங்கள் நசுங்கல் முத்திரையை ஒட்டி இருக்கிறது என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், முத்திரை என்பதும் சுத்தியலால் அடித்து உண்டாக்கிய நசுங்கல்தான். ஆவிக்கு இரண்டும் ஒன்று. நசுங்கல் எழும்போது முத்திரையும் சேர்ந்து எழும், எழுத்து மறையும். அதைத் தொடாதீர்கள். விளிம்புகளில் இருக்கும் பெரிய நசுங்கல் இரண்டு மூன்றை எழுப்பினால் போதும். எல்லாவற்றையும் எழுப்ப வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

இரண்டாம் உளி எழுதியது:

இது எனக்குத் தெரியாமல் போயிற்றே. என்னுடைய இன்னொரு கட்டையில் மேல்மர முத்திரை ஒன்று ஏன் மங்கியது என்று இப்போதுதான் புரிகிறது.

புதுக்கை எழுதியது:

சரி, முத்திரைப் பக்கம் போகவில்லை. கீழ் விளிம்பில் இரண்டு நசுங்கல், அழகாக எழும்பிவிட்டன. இன்னும் இரண்டு பிரச்சினை பாக்கி. ஒன்று, கழுத்திலும் முன்கட்டையின் பின்முனையிலும் எண்ணெய் ஊறியே கிடக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் ஈரமாகத் தெரிகிறது. இன்னொன்று அந்த விரிசல்.

மரச்சாறு எழுதியது:

துப்பாக்கியை மூக்கு மேலே இருக்கும்படி பல வருஷம் நிறுத்தி வைத்தால், இரும்பில் போடும் எண்ணெய் எல்லாம் இறங்கி இந்த இரண்டு இடத்துக்குத்தான் வரும். தாது எண்ணெய் காயாது. அது இருக்கும்வரை மரம் மெத்தென்று இருக்கும், பசையும் ஒட்டாது.

சன்னமான சுண்ணாம்புக் கல் தூள், அதாவது கால்சியம் கார்பனேட் தூள் வாங்குங்கள். சுட்ட சுண்ணாம்போ நீற்றின சுண்ணாம்போ கூடாது, அது காரம். தூளை அசிட்டோனில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, எண்ணெய் ஊறிய இடத்தில் கெட்டியாகப் பூசுங்கள். அசிட்டோன் உள்ளே போய் எண்ணெயை இளக்கும், ஆவியாகும்போது எண்ணெயைத் தூள் உறிஞ்சும். காய்ந்ததும் மஞ்சள் பழுப்பாக உதிரும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு அடுத்த பூச்சு. தூள் வெள்ளையாகவே உதிரும்வரை தொடருங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், கையுறை போடுங்கள், பக்கத்தில் நெருப்போ சூடான கருவியோ எதுவும் இருக்கக் கூடாது. அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கிடங்கிலிருந்து காஸ்மோலின் என்ற துருத் தடுப்பு மெழுகோடு வரும் கட்டைகளுக்கு அசிட்டோனுக்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். அந்த மெழுகு சுமார் 45 முதல் 52 டிகிரி செல்சியஸில் உருகும். கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் வைத்து, அவ்வப்போது எடுத்துத் துடைத்தாலே நிறைய வந்துவிடும்.

தச்சுப்பட்டறை எழுதியது:

நான் இந்த இழையை முதலிலிருந்து திரும்பப் படித்தேன். மேசைக்கும் இதற்கும் வித்தியாசம் புரிகிறது. மேசையில் ரேகைதான் அழகு, இதில் மேல்தோலே எழுதி வைத்த ஏடு. தேய்க்கச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விரிசல் என் வேலை, அதனால் சொல்கிறேன். பசை போடும் முன் விரிசலுக்குள் அசிட்டோனை ஊசிக் குழாயால் செலுத்தி, துணியில் உறிஞ்சி எடுங்கள். துணியில் மஞ்சள் வருவது நிற்கும்வரை இதே வேலை. விரிசலை ஆப்பு வைத்து அகலப்படுத்தாதீர்கள், கையால் லேசாக வளைத்தால் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு போதும். மெதுவாக இறுகும் எப்பாக்சி நல்லது. ஐந்து நிமிஷ எப்பாக்சி ஆழத்துக்குப் போகும் முன்பே இறுகிவிடும். உடனடிப் பசை இந்த இடத்துக்கு ஆகாது, அது நொறுங்கும் சாதி, சுடும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்காது. பசையைச் சற்றுச் சூடான இடத்தில் வைத்து இளக்கி, விரிசலின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாயால் உறிஞ்சுகிற மாதிரி ஒரு குழாயால் இழுத்தால்... வேண்டாம், வாய் வைக்காதீர்கள், ரப்பர் பல்ப் இருந்தால் அதனால் இழுங்கள். மறுபக்கம் பசை எட்டிப் பார்த்தால் முழுக்க நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இரும்புக் கிளாம்ப் போட்டால் கட்டையில் புது நசுங்கல் வரும். பழைய சைக்கிள் ட்யூபை நீள நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். எந்த வளைவுக்கும் அது சமமாக அழுத்தும். வழிந்த பசையை இறுகும் முன் ஸ்பிரிட் துணியால் துடைத்துவிடுங்கள், வெளியே உப்புத்தாளே தேவைப்படாது.

வைரமரம் எழுதியது:

தச்சுப்பட்டறை ஐயாவுக்கு நன்றி, சைக்கிள் ட்யூப் யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று சேர்க்கிறேன். அந்த விரிசல் ஏன் வந்தது என்று பார்க்காமல் ஒட்டினால் திரும்ப வரும். சுடும்போது பின்னோக்கி வரும் அடியை முன்கட்டைக்குள் இருக்கும் இரண்டு தோள்கள் வாங்க வேண்டும், ரிசீவரின் இரு பக்கமும் ஒவ்வொன்று. எண்ணெய் ஊறி மெத்தானாலோ மரம் சுருங்கினாலோ அந்தத் தோள்கள் விட்டுக்கொடுக்கும். அப்போது முன்கட்டையின் பின்முனை நேராகப் பின்கட்டைக் கூட்டில் மோதும், அங்கே பிளக்கும். ஆஸ்திரேலிய லித்கோ ரைஃபிள்களில் மரம் மென்மையானது என்பதால் அந்த இடத்தில் செப்புத் தகடு வைத்தார்கள். இந்திய இஷாப்பூர் ரைஃபிள்களில் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு பார்த்திருப்பீர்கள், பிளவைத் தடுக்கத்தான்.

உங்கள் தோள்களில் எண்ணெய் போன பிறகு, ரிசீவரின் அந்த இடத்தில் மெல்லிய மசிப் பூச்சு தடவி முன்கட்டையை உட்கார வைத்து எடுங்கள். இரண்டு தோளிலும் மசி சமமாகப் படிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் படிந்தால் மற்றதில் மெல்லிய வால்நட் சில்லு ஒட்ட வேண்டியிருக்கும்.

பழைய ஆர்மரர்கள் (ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள்) போட்ட ஒட்டோ பித்தளை ஆணியோ கண்ணில் பட்டால் எடுத்துவிடாதீர்கள். அது பழுது இல்லை, அந்தத் துப்பாக்கி பணியில் இருந்ததன் அடையாளம்.

புதுக்கை எழுதியது:

ஏழு பூச்சு சுண்ணாம்புத் தூள் ஆயிற்று. முதல் இரண்டு காபிப் பொடி நிறத்தில் உதிர்ந்தது, ஏழாவது வெள்ளை. கழுத்தை இப்போது நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. மசி இரண்டு தோளிலும் படிந்தது, இடப்பக்கம் கொஞ்சம் குறைவு. விரிசல் ஒட்டி, ட்யூப் சுற்றி, இரண்டு நாள் விட்டுப் பிரித்தேன். கோடு எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி எண்ணெய். பச்சை ஆளிவிதையா, "காய்ச்சிய" ஆளிவிதையா, டங் எண்ணெயா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

எண்ணெய்த்துணி எழுதியது:

மூன்றுமே காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்து இறுகும் எண்ணெய்கள். பச்சை ஆளிவிதைதான் இந்த ரைஃபிளுக்கு அசல். குறை என்னவென்றால் காய நாட்கணக்கில் ஆகும், ஈரமான இடத்தில் பூஞ்சை பிடிக்கும். "காய்ச்சியது" என்று விற்பதைப் பெரும்பாலும் காய்ச்சுவதே இல்லை, சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்ப்பார்கள், அதனால் ஒரு நாளில் தொடும் பதத்துக்கு வரும். டங் எண்ணெய் தண்ணீரை நன்றாகத் தாங்கும், நிறம் குறைவாகக் கறுக்கும், ஆனால் உங்கள் கட்டையில் இருக்கும் அந்தச் சிவப்போடு அவ்வளவாகச் சேராது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பச்சை ஆளிவிதைதான். பொறுமை இருக்கிறது என்பதை இவ்வளவு நாளில் காட்டிவிட்டீர்கள்.

முதல் பூச்சுக்கு மட்டும் டர்பன்டைன் பாதி கலந்துகொள்ளுங்கள். அப்புறம் வெறும் எண்ணெய். விரல் நுனியில் நான்கு சொட்டு, உள்ளங்கையால் சூடு பறக்கத் தேயுங்கள். அரை மணி நேரம் கழித்து, மேலே நிற்பதை ஒன்று விடாமல் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய்தான் பிசின் மாதிரி ஒட்டும். பின்தகட்டுக்கு அடியில் தெரியும் குறுக்கு வெட்டு மரத்துக்கும் குழல் பள்ளத்துக்கும் மறக்காமல் கொடுங்கள், ஈரம் அங்கேதான் ஏறும். தோள்களில் மட்டும் எண்ணெய் தேங்க விடாதீர்கள்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். நான் ஒருமுறை மறந்து ஒரு வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து எடுத்தால் துணி உருண்டையின் நடு, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது, மீன் வாடையோடு. அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுகிறேன். இல்லையென்றால் மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி மூழ்க வைக்கிறேன். நீங்கள் இதுவரை சுத்தம் செய்த துணிகளும் ஆளிவிதை தொட்டவைதான். எங்கே போட்டிருக்கிறீர்கள்?

புதுக்கை எழுதியது:

இதைப் படித்ததும் எழுந்து ஓடினேன். ஒரு அட்டைப் பெட்டியில் திணித்து வைத்திருந்தேன். பழையவை காய்ந்து மொடமொடப்பாக இருந்தன, மேலே இருந்த நேற்றைய துணிகள் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. எல்லாவற்றையும் தண்ணீர் டின்னில் போட்டுவிட்டேன். மனதார நன்றி.

புதுக்கை எழுதியது:

ஆறு வாரம் கழித்து. ஐந்து பூச்சு எண்ணெய், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாரம். கறுப்பு எதுவும் இல்லை. கழுத்திலிருந்து பின்தகடு வரை அடர்ந்த சிவப்புப் பழுப்பு, வெயிலில் சாய்த்தால் ரேகை அசைவது தெரிகிறது. மங்கலாக இருந்த முத்திரையின் கீழ் வரியைச் சாய்வாக டார்ச் அடித்துக் கண்டுபிடித்தேன். நசுங்கலும் பக்கத்திலேயே இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

மூட்டும்போது கழற்றியதற்கு நேர்மாறாக, பின்கட்டையை முதலில் இறுக்கினேன். போல்ட்டின் சதுர முனை தகட்டுக்கு நேராக நிற்கும்படி பார்த்துவிட்டு முன்கட்டையை ஏற்றினேன். ஒரு கேள்வி மட்டும்: முன்கட்டையின் பின்முனைக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிகிறது. ஒரு தாள் போகிறது. அதை அடைக்க வேண்டுமா?

வைரமரம் எழுதியது:

அடைக்காதீர்கள். அந்த இடைவெளி இருக்க வேண்டும். இருந்தால்தான் அடியைத் தோள்கள் வாங்கும், பின்முனை தப்பிக்கும். தாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புதுக்கை எழுதியது:

இரண்டு பக்கமும் போகிறது அண்ணா.